ஒண்டும் கேக்காத கொம்பியூட்டர்

“என்னை என்ர பாட்டில விடுறானுகள் இல்லை.”

மன்னார்த் தாழ்வுபாட்டுச் சந்தியோகு இதைச் சொல்லாத நாள் கிடையாது. கடலுக்குப் போன காலத்தில் காற்றைப் பார்த்துச் சொன்னார். இராணுவச் சோதனைச்சாவடியில் சொல்லி, துப்பாக்கிப் பிடிக்கு முன்பல் இரண்டைக் கொடுத்தார். கோவிலில் பிரசங்கம் நீண்டால் முதல் வரிசை வாங்கில் இருந்தபடியே சொல்வார். சுவாமியாரும் அதற்கு மேல் இழுக்கமாட்டார். வீட்டில் பெண்சாதி மார்த்தா சாப்பிடக் கூப்பிட்டாலும் அதே வசனம்தான். சொன்ன வாய் மூடுவதற்குள் ஏதாவது ஒன்று உடையும். கோப்பையோ, கதிரைக் காலோ, யாராவது ஒருவருடைய மூக்கோ, அது அன்றைக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மார்த்தாவின் தங்கச்சி மகள் றொஷேலுக்கு இந்த வசனம் தண்ணீர்பட்ட பாடு. கலியாண வீடானாலும் செத்தவீடானாலும், சமையல் நடக்கிற பக்கம் அவளைத் தேடிக்கொண்டு ஆட்கள் போவார்கள். நாடியை முன்னே தள்ளி, ஒரு கண்ணை இடுக்கி, இல்லாத பல்லுக்குள்ளால் காற்றை விட்டு, “என்னை... என்ர பாட்டில... விடுறானுகள் இல்லைய்ய்...” என்று அவள் தொடங்கினால், வெங்காயம் உரிக்கிற பெண்கள் கத்தியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடிப்பார்கள். ஒருமுறை ஆள் பின்னால் வந்து நின்றதை அவள் காணவில்லை. உச்சந்தலையில் விழுந்த குட்டில் அவளுக்குக் கண்ணுக்குள் பூச்சி பறந்தது.

“அந்தக் கடைசி இழுவை பிழை,” என்றார் சந்தியோகு. “நான் அவ்வளவு இழுக்கிறேல்லை.”

எழுபது வயதாகியும் கை இரண்டும் உலக்கை மாதிரி இருந்தன. உடம்பைப் பார்த்தே அவருடைய சரித்திரத்தைச் சொல்லலாம். நெற்றியில் ஒரு வெட்டு, வலை அறுத்த இழுவைப்படகுக்காரனோடு நடுக்கடலில் நடந்த சண்டை. வலக்கைச் சுட்டுவிரல் கோணல், அது மார்த்தாவின் வேலை. கலியாணம் முடித்த புதிதில் அவர் கையை ஓங்கி ஒன்று போட்டார். அடுத்ததற்கு ஓங்கினபோது அவள் அம்மிக்குழவியை எடுத்து அந்தக் கையைச் சுவரோடு வைத்து நசித்துவிட்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் சாமான்கள்தான் அடி வாங்கின. இடது காதில் மேல்பாதி இல்லை. அது தம்பி லெம்பேட்டின் வேலை.

லெம்பேட் அவருக்கு ஒரு வயதுதான் இளையவர். தகப்பன் சாகும்போது பிள்ளைகளுக்கு விட்டுப்போனது ஒரு கரைவலையும் ஒரு பாடும். பாடு என்றால் கரைவலை இழுக்கிற கரைத்துண்டு. இந்தத் தாழம்புதரிலிருந்து அந்தக் கல் வரைக்கும் இன்னார் வலைதான் வளைக்கலாம் என்று ஊரே ஒத்துக்கொண்ட உரிமை. அண்ணன் ஒருநாள், தம்பி ஒருநாள் என்று முறை வைத்து இழுத்தார்கள். ஒருநாள் விடியப்புறம் சாளை மீன் கரை முட்ட வந்து நின்றது. கடல் கறுத்துப்போய்க் கிடந்தது. கையால் அள்ளலாம் போல இருந்தது. ஆனால் முதல்நாள் காற்றுக்கு யாரும் வலை வைக்கவில்லை. அது சந்தியோகுவின் நாள். அவருடைய முறை அதோடு கழிந்துபோனதா, இல்லை இன்றைக்கு நிற்கிறதா?

“கழிஞ்சது,” என்றார் லெம்பேட்.

“கழியேல்லை,” என்றார் சந்தியோகு.

மூன்றாவது வார்த்தை பேசப்படவில்லை. வள்ளம் வலிக்கிற தண்டை எடுத்து அண்ணன் தம்பியின் தோளில் இறக்கினார். பச்சை விறகு முறிகிற சத்தம் கயிறு பிடித்து நின்றவர்களுக்கெல்லாம் கேட்டதாம். லெம்பேட் விழவில்லை. மற்றக் கையால் அண்ணனின் கழுத்தைக் கட்டி, காதைப் பல்லுக்குள் வாங்கி, தலையை ஒரு வெட்டு வெட்டினார். இரண்டு பேரும் அலைக்குள் உருண்டார்கள். நுரை சிவந்து வந்தது. ஊர்ப் பெண்கள் மணலை அள்ளிக் கண்ணுக்குள் எறிந்துதான் பிரிக்க முடிந்தது. லெம்பேட் வாயில் இருந்ததைத் துப்ப, காகம் ஒன்று வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. மீனும் போய்விட்டது.

அந்த வருடமே யுத்தத்துக்குப் பயந்து சனம் கடலேறியது. லெம்பேட் தோளில் கட்டோடு பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு இராமேஸ்வரம் பக்கம் போய் இறங்கினார். எலும்பு கோணலாகவே பொருந்தியது. சந்தியோகு மடு மாதா கோவில் பக்கம் ஓடி, பசி கிடந்து, திரும்பி வந்து பார்த்தால் பாட்டைச் சுற்றிப் படைக்காரரின் முட்கம்பி. இன்றைக்கு அந்தக் கரையில் சந்தியோகுவும் வலை வைக்க முடியாது, லெம்பேட்டும் வைக்க முடியாது. இருந்தாலும் முப்பது வருடத்துக்கு மேலாக மனுசனுக்கு ஒரே ஒரு ஆசைதான்.

“அண்டைக்கு முறை உன்ர தான் எண்டு அவன்ர வாயால வரவேணும். நான் சாகமுதல் இந்த முழுக்காதால அதைக் கேக்கவேணும்.”

இந்தத் தவக்காலம் தொடங்கின கிழமை, லெம்பேட்டின் மகள் சுவேதினி றொஷேலுக்குப் போன் எடுத்தாள். அக்கரையில் பிறந்த பிள்ளை, அக்கரைப் பேச்சு. “அக்கா, அப்பாவுக்குத் தொண்டைல புத்து வந்திருக்குக்கா. மதுரைல ஆபரேசன். குரல்வளையையே எடுத்துருவாங்களாம். ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கிழமை. அதுக்கு முன்னாடி பெரியப்பாகூடப் பேசணும்னு சொல்றாரு. என்ன பேசணும்னு கேட்டா முறைக்கிறாரு.”

றொஷேல் இதைச் சொன்னபோது சந்தியோகு வலைத் துண்டொன்றைப் பொத்திக்கொண்டிருந்தார். ஊசி நின்றது.

“குரலை எடுத்தா, பிறகு என்னத்தால சொல்லுவான்?”

அன்றைக்கே றொஷேல் தன்னுடைய போனை அவர் கையில் கொடுத்தாள். அங்கேதான் முதல் சிக்கல். உப்பும் கயிறும் தின்ற விரல், மரப்பட்டை மாதிரி. போன் கண்ணாடிக்கு அது மனித விரல் என்றே தெரியவில்லை. மெல்லத் தொட்டார், ஒன்றும் நடக்கவில்லை. அமத்தித் தொட்டார், அதற்கும் நடக்கவில்லை. பெருவிரலால் குத்தினார். பிறகு போன் கிணற்றுக்குள் கிடந்தது. அதோடு காதும் மந்தம், சின்னச் சத்தம் எட்டாது. தோகாவில் வேலை செய்கிற மகன் றொட்னி செய்தி கேட்டு, “அப்பாவுக்குக் கொம்பியூட்டர்தான் சரி, பெரிய ஸ்பீக்கரோட,” என்று சொல்லி, மன்னார் ரவுணில் கொம்பியூட்டர்க் கடை வைத்திருக்கிற தன் கூட்டாளி றெனால்டிடம் ஒப்படைத்தான்.

றெனால்ட் கதைத்தால் தேன் வடியும். “அங்கிள், ஒண்டுக்கும் யோசிக்காதைங்கோ. எல்லாம் போட்டுத் தந்திருக்கிறன். ஒண்டு பாக்கியில்லை.” அதுதான் பிழை, ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் போட்டிருந்தான். திறந்தால் மழை வருமா என்று ஒரு மூலை சொல்லும், வைரஸ் வந்துவிட்டது என்று இன்னொரு மூலை கூவும், சீட்டாட வா என்று நடுவில் ஒன்று குதிக்கும். சந்தியோகு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். “வேண்டாம். வேண்டாமெடா. போடா.”

ஒருவழியாக லெம்பேட் திரையில் வந்தார். இரண்டு கிழவர்களும் கனநேரம் ஒருவரையொருவர் அளந்தார்கள்.

“என்னண்ணே,” என்றார் லெம்பேட், இராமநாதபுரத்து இழுவையோடு. “காது வளந்துருச்சா?”

“தோளைக் காட்டு பாப்பம். இன்னும் கொழுவிதான் தொங்குதோ?”

“நல்லா மூச்சுவிடத் தெரியுதே உனக்கு. இன்னும் யாரும் வெட்டலையா?”

“உன்னைத்தான் வெட்டப் போறாங்களாம். அதுக்கு முதல் சொல்லு. அண்டைக்கு முறை ஆருடையது?”

லெம்பேட் செருமினார். றொஷேல் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினாள். “அன்னைக்கு...” என்று அவர் வாயைத் திறந்ததுதான் தாமதம், திரை முழுக்க நீலமாகி, நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

“எங்கை அவன்?”

“அப்டேற் பெரியப்பா. அணைக்க வேண்டாமாம், கொஞ்சம் பொறுக்கட்டாம்.”

“ஆரைப் பொறுக்கச் சொல்லுது? முப்பது வருசம் பொறுத்தனான்.” மூலையில் சாத்தியிருந்த தண்டு அவர் கைக்கு வந்ததை றொஷேல் காணவில்லை, இறங்கியதைத்தான் கண்டாள். திரை இரண்டாகப் பிளந்து, கண்ணாடி மார்த்தாவின் கால் வரைக்கும் தெறித்தது. “என்னை என்ர பாட்டில விடுறானுகள் இல்லை.”

உடைந்ததைச் சாக்கில் கட்டிக்கொண்டு, மார்த்தா பின்னால் வர, அடுத்தநாளே ரவுணுக்குப் போனார். றொஷேல் வகுப்பை விட்டு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, றெனால்ட் சேட்டுக் கொலரில் தொங்கிக்கொண்டிருந்தான்.

“அங்கிள், அது எல்லாருக்கும் வாறதுதானே அங்கிள்...”

“எனக்கு வரக்கூடாது.”

“அது கொம்பனிக்காரன் அனுப்புறது அங்கிள், நான் என்ன செய்ய...”

சந்தியோகுவின் குத்து றெனால்டின் மூக்கில் பட்டு, மிச்சம் பின்னாலிருந்த கண்ணாடி அலுமாரிக்குள் போனது. மவுஸ், வயர் எல்லாம் இரத்தத்தோடு நிலத்தில் கொட்டுண்டன. அதில் யாருடைய இரத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை. மார்த்தா தன் சால்வையைக் கிழித்து, முதலில் றெனால்டின் மூக்கைப் பொத்தினாள், பிறகு புருசனின் கையைச் சுற்றினாள். பொலிசுக்குப் போகச் சொல்லி அக்கம்பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்கள். “போய் என்னெண்டு சொல்லுறது?” என்றான் றெனால்ட் மூக்கால். “எழுபது வயசுக் கிழவன் என்னைத் தூக்கினவன் எண்டோ?”

அன்றைக்குத்தான் றொஷேல் முடிவெடுத்தாள், இனி இந்த விஷயம் தன் பொறுப்பு என்று. கணினி படிப்பிக்கிறவள் அவள். வகுப்பில் பிள்ளைகளுக்கு, எது வேகமானது, எது புதியது என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பாள். வயது போன ஒரு கோபக்காரனுக்கு எது ஏற்றது என்று அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. அதனால் சந்தியோகுவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, அவரிடமே கேட்டாள்.

“பெரியப்பா, இதால உங்களுக்கு என்ன செய்யவேணும்?”

“அவனைப் பாக்கவேணும். ஏசவேணும்.”

“வேற?”

“வேற என்ன கோதாரிக்கு?”

“செய்தி, பூசை, பாட்டு, ஏதும்...”

“ஒண்டும் வேண்டாம். என்னட்டைக் கேள்வி கேக்கக்கூடாது. அவ்வளவுதான்.”

“ஆர், சித்தப்பாவோ?”

“கொம்பியூட்டரடி.”

யோசித்துப் பார்த்தால் அது நல்ல அளவுகோல்தான். வழமையான சிஸ்டத்தில் அப்டேற்றை நிறுத்திவைக்கலாம். ஆனால் முன்கதவால் விரட்டின நாய் பின்கதவால் வருகிற மாதிரி அது திரும்பி வரும். விலை உயர்ந்த வேறொன்று இருந்தது, பார்க்க வடிவு. ஆனால் கணக்குத் திற, கடவுச்சொல் போடு, போன் இலக்கம் சொல்லு என்று வாசலிலேயே விசாரணை வைக்கும். விசாரணை என்றால் பெரியப்பாவுக்கு முன்பல் ஞாபகம் வந்துவிடும். கடைசியில் அவள் லினக்ஸ் என்கிற சிஸ்டத்தைத் தெரிவு செய்தாள். பழைய பெட்டியிலும் ஓடும். தானாக எதையும் இறக்காது. திருத்த வேலை இருந்தால் அவளே மாதம் ஒருமுறை வந்து செய்துவிட்டுப் போகலாம், இடையில் அது வாய் திறக்காது. பெட்டி மேசைக்குக் கீழே இருந்ததால் தண்டுக்குத் தப்பியிருந்தது. திரைக்குப் பதிலாக வீட்டு ரீவியைக் கொழுவினாள். மணிக்கூடு, மழை, சீட்டு எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தாள். கரண்ட் போய் வந்தாலும் தானாக எழும்பி அதே இடத்தில் வந்து நிற்கும்படி செய்தாள். லெம்பேட்டின் படம் போட்ட ஒரு பெரிய பொத்தான் நடுவில். மவுஸை எங்கே அமத்தினாலும் அவர்தான்.

சிஸ்டம் எழும்பும்போது அதன் அடையாளமான பெங்குவின் திரையில் வந்து நின்றது. சந்தியோகு தலையைச் சரித்துப் பார்த்தார்.

“என்ன இது, தாரா வாத்தோ?”

“தாரா இல்லைப் பெரியப்பா, பெங்குவின். பனிக்குள்ள இருக்கிறது.”

“தாராதான். தாரா எண்டா நல்லம். அது தன்ர பாட்டில திரியும், மற்றவனையும் அவன்ர பாட்டில விடும்.”

மார்த்தா வாசிக்கட்டும் என்று றொஷேல் எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றினாள். கடைசியாக ஒன்று செய்தாள். பெரியப்பா கோபத்தில் எதையாவது தட்டிக் குழப்பிவிட்டால், எல்லாவற்றையும் அழித்துச் சிஸ்டத்தைப் பிறந்த கோலத்துக்குக் கொண்டுவர, கீழ் மூலையில் மட்டும் ஒரு சின்னப் பொத்தான். அதற்குத் தமிழில் “மீட்பு” என்று போட்டிருந்தது. வகுப்பில் தினமும் சொல்கிற சொல் என்பதால் அவள் அதை இரண்டாம் முறை யோசிக்கவில்லை.

தவக்காலம் முழுக்கப் பின்னேரங்களில் தாழ்வுபாட்டிலும் அக்கரையிலும் ஒரே நேரத்தில் போர் நடந்தது. சிலுவைப்பாதை முடிந்து வருகிற சனம் சந்தியோகுவின் வேலியடியில் நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். தகப்பனின் சாவுக்கு யார் அழவில்லை என்பதில் தொடங்கி, தாயின் தாலிக்கொடி, திருடிய நண்டுக்கூடு, சின்ன வயதில் ஒருவன் மற்றவனைக் கிணற்றுக்குள் தள்ளியது வரைக்கும் போனார்கள். சந்தியோகு கேத்தலை உடைத்தார், அலுமாரிக் கதவை உடைத்தார். அந்தப் பக்கம் லெம்பேட் தண்ணிக் கிளாசை நெரித்து உடைத்து, இரத்தம் வடிகிற கையைக் கமராவுக்குக் காட்டினார்.

“கட்டடா கையை,” என்றார் சந்தியோகு.

“உனக்கென்ன?”

“எனக்கென்ன. வடியட்டும்.”

தாராச் சிஸ்டத்தை மட்டும் யாரும் தொடவில்லை. அது ஒன்றும் கேட்கவில்லை, அதனால் அடியும் வாங்கவில்லை. றொஷேல் பக்கத்தில் இருந்து லெம்பேட்டின் பேச்சைப் பாடமாக்கினாள். மனுசன் அக்கரைத் தமிழில் தொடங்குவார், கோபம் ஏற ஏற மன்னாருக்குத் திரும்பிவிடுவார். ஆனால் கிழமைக்குக் கிழமை குரல் தேய்ந்துகொண்டு போனது. முதலில் மரத்தை அரிகிற வாள் மாதிரி இருந்தது, பிறகு சிரட்டையைச் சுரண்டுகிற மாதிரி ஆனது. கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. தவக்காலத்தின் கடைசியான பெரிய கிழமை, செவ்வாய்க்கிழமை, தானாகவே சொன்னார். “நாளைக்குப் பின்னேரம் வா. சொல்லுறன். வியாழக்கிழமை மத்தியானம் மதுரைக்கு ஏத்துறாங்கள்.”

புதன்கிழமை சந்தியோகு வெள்ளைச் சேட்டுப் போட்டு, சவரம் எடுத்து, மீன் விற்கிற இடத்துக்கெல்லாம் போய், “இண்டைக்குச் சொல்லுறான்,” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் திரும்பி வருவதற்குள் மார்த்தா மேசையைத் துடைத்தாள். துணிக்குள் மவுஸ் அகப்பட்டுப் புரண்டது. நடுப் பொத்தானை விட்டு, கீழ் மூலைச் சின்னப் பொத்தானில் போய் விழுந்தது. அந்தச் சிஸ்டம் தன் வாழ்நாளில் முதலும் கடைசியுமாக ஒரு கேள்வி கேட்டது. நல்ல பெரிய எழுத்தில், நல்ல தமிழில்:

மீட்பு வேண்டுமா? ஆம். இல்லை.

பிறகு மார்த்தா இதைச் சுவாமியாருக்கும் சொன்னாள், சுவாமியாரும் அவள்மீது பிழை காணவில்லை. “பெரிய கிழமையில ஒரு வேதக்காரியிட்டை மீட்பு வேணுமோ எண்டு கேட்டா, வேண்டாம் எண்டே அமத்துவாள்?” என்றார். மார்த்தா சிலுவை போட்டாள், ‘ஆம்’ என்பதில் அமத்தினாள். திரை கறுத்தது. கனநேரம் கழித்துத் தாரா மட்டும் வந்து நின்றது. லெம்பேட்டின் படம் இல்லை, இலக்கம் இல்லை, ஒன்றும் இல்லை.

சந்தியோகு வந்தார், இருந்தார், அமத்தினார். தாரா அவரைப் பார்த்தது.

“எங்கையடி அவன்?”

மார்த்தா நடந்ததைச் சொன்னாள்.

தண்டு மூலையிலிருந்து புறப்பட்டது. ரீவிக்கு நேரே அது உயர்ந்தபோது, நடுவில் மார்த்தா நின்றாள், கையில் பழைய அம்மிக்குழவி.

“அடியுங்கோ பாப்பம். மற்ற விரல்களும் கோணட்டும்.”

“தள்ளடி. அவன் இருக்கிறான் அங்கை. காத்துக்கொண்டு இருக்கிறான்.”

“தள்ளமாட்டன். கேட்டது, ஓம் எண்டனான். கேக்காமச் செய்தாலும் அடி, கேட்டுச் செய்தாலும் அடியோ?”

தண்டு திசை மாறிக் கதவு நிலையில் விழுந்தது. ஒரு அடி, இன்னொரு அடி. மூன்றாவதில் தண்டு இரண்டாக முறிந்து, சிலாம்பு ஒன்று திரும்பி வந்து அவருடைய நெற்றியைக் கிழித்தது. வெள்ளைச் சேட்டு நனைந்தது. மனுசன் நிலத்தில் குந்தி, முறிந்த துண்டைப் பிடித்துக்கொண்டு, வாயே திறக்காமல் இருந்தார். அந்த வசனம்கூட வரவில்லை. அதைப் பார்த்துத்தான் மார்த்தா பயந்தாள்.

அவள் ஆள் அனுப்பி, வியாழக்கிழமை காலையில் றொஷேல் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தாள். சிஸ்டத்தை நிமிர்த்துவது பெரிய வேலையில்லை, இலக்கமும் அவளிடம் இருந்தது. மூலைப் பொத்தானைப் பிடுங்கி எறிந்தாள். ஆனால் அக்கரையில் வேறு கதை.

“அப்பா நேத்து மூணு மணிநேரம் உக்காந்திருந்தாருக்கா,” என்றாள் சுவேதினி. “பயந்து ஒளிஞ்சிட்டான்னு சொல்றாரு. இனிமே அந்த மூஞ்சியைப் பாக்கவே மாட்டாராம். வண்டி வந்துரும் இப்ப.”

றொஷேல் உள்ளே எட்டிப் பார்த்தாள். தலையில் கட்டோடு சந்தியோகு ரீவிக்கு முன்னால் அசையாமல் இருந்தார். அவள் பின்பக்கம் போய், தென்னைக்கு மறைவில் நின்று, “போனை அப்பாட்டைக் குடு,” என்றாள். நாடியை முன்னே தள்ளினாள். கண்ணை இடுக்கினாள். இல்லாத பல்லுக்குள்ளால் காற்றை விட்டாள்.

“டேய் கூனல் தோளா. நேத்து நான்தான்ரா பூட்டி வைச்சனான். உன்ர மூஞ்சையைப் பாத்தா வயித்தைப் பிரட்டுது. காதைக் கடிச்சுப்போட்டுக் கடல் தாண்டி ஓடினவன், ஊசிக்கும் ஓடு. பயந்தாங்கொள்ளி. என்னை என்ர பாட்டில விடு.”

கடைசியில் இழுக்கவில்லை. அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பக்கம் போன் எதிலோ மோதிய சத்தம் கேட்டது. அவள் வீட்டுக்குள் ஓடி வருவதற்குள் ரீவியில் அழைப்பு மணி அடித்தது.

லெம்பேட் சேட்டில்லாமல் இருந்தார். கோணல் தோள் எலும்பு தோலுக்குள்ளால் முட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குக் கட்டின பை. “ஆரடா பயந்தாங்கொள்ளி?” முழு மன்னார்த் தமிழ். “இப்ப சொல்லு, முகத்துக்கு நேரை சொல்லு.”

“ஆர் சொன்னது?”

“நீதானேடா. இப்பதானே போனில...”

சந்தியோகு மெல்லத் திரும்பினார். றொஷேல் கதவடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள், போன் இன்னும் கையில். அவர் எழும்பி வந்து கை முட்டியை ஓங்கினார். அவள் இரண்டு கையாலும் தலையை மூடினாள். முட்டி இறங்கவில்லை.

“கடைசியில இழுத்தனியோ?”

“இல்லைப் பெரியப்பா.”

“அப்ப சரி.” திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார். “ஓம், நான்தான் சொன்னனான். பயந்தாங்கொள்ளி. சொல்லடா இப்ப.”

றொஷேல் திரையின் மூலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் வரவில்லை, வட்டமும் சுற்றவில்லை. அவள் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்த சிஸ்டம், சொன்ன சொல்லுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. இவ்வளவு நாளும் நடுவில் ஏதாவது ஒன்று வந்து குதித்து, பெரியப்பாவுக்கு அடிக்க ஒன்று கிடைத்தது. காற்று, சாவடி, அப்டேற், மீட்பு. இப்போது நடுவில் எதுவுமே இல்லை. தம்பி இருந்தார், அவருடைய மூச்சு ஸ்பீக்கருக்குள்ளால் அரைபட்டு வந்தது. சந்தியோகுவின் கை பழக்கத்தில் மூலைப்பக்கம் போய்த் தண்டைத் தேடி, வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

“தோள் நோகுதோ?” என்று கேட்டார்.

“மழைக்கு நோகும். காது?”

“இல்லாத காதில என்னடா நோ?” செருமினார். “நேரமாகுது. சொல்லு. அண்டைக்கு முறை ஆருடையது?”

லெம்பேட் கமராவுக்குக் கிட்டக் குனிந்தார். உதடு ஒரு பக்கம் கோணியது. சின்ன வயதில் கிணற்றுக்குள் தள்ளிவிட்டு மேலே நின்று பார்த்தவனின் சிரிப்பு அது.

“இப்ப சொல்லமாட்டன், அண்ணை. ஆப்பரேசன் முடியட்டும். பிறகு வடிவா, ஊருக்கே கேக்கச் சொல்லுறன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கையில் பிடித்த துணி சிவந்தது. “அப்பா, போதும்ப்பா, வண்டி வந்துருச்சு,” என்று சுவேதினியின் கை திரைக்குள் வந்தது. லெம்பேட் அதைத் தட்டிவிட்டார். சத்தமில்லாமல் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கம் மேசையில் விழுந்த குத்தில் பலகை பிளந்தது. மவுஸ் துள்ளி நிலத்தில் விழுந்தது. மார்த்தா அம்மிக்குழவியைத் தேடினாள். ஆனால் சந்தியோகு எழும்பவில்லை. தோலுரிந்த முட்டியைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுபோய், தம்பி வடிவாகப் பார்க்கும் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் திருப்பி, முழுக்காது இருந்த பக்கத்தைக் காட்டிச் சொன்னார்:

“சொல்லாதை. நீ சொல்லிப்போட்டா, பிறகு எனக்கு உன்னோட என்ன கதை கிடக்கு? குரல் போனாப் போகட்டும். வாயில பல்லுக் கிடக்குத்தானே. எனக்கும் இந்தப் பக்கத்துக் காது முழுசாக் கிடக்கு. வெட்டிக் கட்டி முடிச்சுப்போட்டு வள்ளமேறி வாடா, கடிக்க.”